நாலுக்கு மூன்று

எங்கள் விவசாயச் சங்கச் செயலாளர் சதீசன் புது வீடியோ போனுக்கு மாலை போட்டார். பத்தங்குலத் திரை, கமராவுக்குத் தனி மூடி. ஒரே நேரத்தில் ஆறு பேரை இணைத்து முகம் பார்த்துப் பேசலாம், அதற்குமேல் ஒருவரையும் சேர்க்க முடியாது என்று கையேட்டை மந்திரம்போல் வாசித்தார்.

சீனித்தம்பியின் வயல் வட்டைக்குத் தண்ணீர் விடுவதா என்பதுதான் அன்றைய பேச்சு. அவருடைய பயிர் கருகிக்கொண்டிருந்தது. வீடுகளிலிருந்து இணைந்த ஆறு உறுப்பினர்களில் மூவர் கை உயர்த்தினார்கள்.

“சரிபாதி. அப்ப தண்ணி இல்ல, அண்ணே,” என்றார் சதீசன், மண்டபத்தில் எங்களோடு இருந்த சீனித்தம்பியிடம்.

“கீழ் மூலையில இன்னொரு கை நிக்குதே, தம்பி?”

நின்றது. திரையின் ஏழாவது கட்டத்தில் முகமில்லை. சேறு காயாத ஒரு கை மட்டும்.

“அது மெசின்ட பிழை.”

“பிழையே விடாத மெசின் எண்டு இப்பத்தானே மாலை போட்டீங்க?”

மண்டபமே சிரித்தது. சதீசன் வேறு வழியில்லாமல் நாலுக்கு மூன்று என்று எழுதி ஒப்பமிட்டார்.

மதகைத் திறக்க ஊர்வலமாகப் போனோம். அது திறந்தே கிடந்தது. சீனித்தம்பியின் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வெடி கொளுத்திக் கொண்டாடினோம்.

மதகுப் பூட்டின் ஒரே திறப்புச் சாவி அன்று முழுக்க சதீசனின் சட்டைப்பையில்தான் இருந்தது.