பாறைக்குள் நேர்கோடு

கிணற்றுக்குள் பச்சை வந்துவிட்டது.

முதலில் ஒரு நூல். தெற்குச் சுவரோரம், தண்ணீருக்குள் எங்கிருந்தோ அவிழ்ந்தது. பிறகு நூல் துணியாக விரிந்தது.

அவர் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை கிணற்று மேட்டுக் கல்லின்மேல் இருந்தது. அந்தக் கல்லில் அவருடைய அப்பாவின் பெயரும், கிணறு வெட்டிய வருடமும் இருந்தன.

நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு வந்திருந்த சபிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு நிமிஷம்."

அவள் சாயத்தை ஊற்றியது இந்தக் கிணற்றில் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், வேலாத்தாளின் கிணற்றில்.

அது இங்கே வந்து சேர ஐந்து நாளாவது ஆகும் என்று அவள் போட்ட கணக்கு சொல்லியிருந்தது.

மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் இரண்டு தோட்டங்களும் தோலுரித்தது போலக் கிடந்தன. மேலே செம்மண். அதன் கீழே பாறை. பாறைக்குள் நீலக் கோடுகளாக வெடிப்புகள். ஊரில் நாற்பது கிணறுகளை அளந்து, தண்ணீர் எந்த வெடிப்பில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கணக்கிட்டு அவள் வரைந்தவை. எல்லாம் நரம்புகளைப் போல வளைந்து, கிளைத்து, எங்கோ மறைந்தன.

இப்போது புதிதாக ஒன்று சேர்த்தாள். நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு அது ஒன்றுதான் பொருந்தியது.

வேலாத்தாளின் கிணற்றிலிருந்து அவர் கிணற்றுக்கு. அளவுகோல் வைத்து இழுத்தது போல.

"இவ்வளவு நேரா ஒரு வெடிப்ப நான் எந்தப் பாறையிலயும் பார்த்ததில்லைங்க ஐயா."

அவர் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

அந்தக் கோட்டின் நீளம் அவருக்குத் தெரியும். இருநூற்றிருபது அடி. தொண்ணூறாவது அடியில் வேலி.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோடையில்தான் கிணறு முதன்முதலாக வற்றியது. இரண்டு தலைமுறையாக வற்றாத கிணறு. பெண் கொடுக்கவும் எடுக்கவும் வந்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்த கிணறு. அடிப்பாறை தெரிந்தபோது, உடுத்திய வேட்டி அவிழ்ந்தது போல இருந்தது அவருக்கு.

வெளியூரிலிருந்து சைடு போர்க்காரர்களை வரவழைத்தார். நான்கு பேர். கிணற்றுக்குள் எந்திரத்தை இறக்கி, பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போட்டார்கள். தேர் நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. எந்திரத்தின் சத்தத்தைக் கொட்டுச் சத்தம் மூடிக்கொண்டது.

எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்தான் கை நீட்டிக் காட்டினார்.

தேர் வடத்தை முதலில் தொட்டுக் கொடுப்பது அவர் வீட்டு உரிமை. அந்த வருடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். அவருக்குப் பதிலாக வடத்தைத் தொட்டவன் வேலாத்தாளின் கணவன் செங்கோடன். மாலையில் திருநீறும் தேங்காய் மூடியும் கொண்டுவந்து, வாசலில் நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான்.

துளையின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. செங்கோடனும் போய்ச் சேர்ந்தான்.

மூன்று மாதத்துக்கு முன் சபிதா படிவத்தோடு வந்தாள். கிணற்றின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், சைடு போர் உண்டா.

"எங்க கிணத்துக்கு அந்த அவசியம் வந்ததில்ல."

அவர் சொன்ன வார்த்தையை அந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அவர் கொடுத்த மோரைக் குடித்தாள்.

அதனால்தான் இன்று கணக்கு பாறையைச் சந்தேகித்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு வேலாத்தாள் வந்தாள். கையெல்லாம் சாயம். சாயம் ஊற்றக் குடத்தைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். எட்டிப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அடேயப்பா. என்ர தண்ணிக்கு உங்க தோட்டத்து மேல இத்தன ஆசையாங்ண்ணா? நடந்துகூட வரல, ஓடியே வந்துருக்குது."

அவர் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

வேலாத்தாள் திரையைக் குனிந்து பார்த்தாள். அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இத்தன வருசமா அண்ணன் மோட்டாரு ஓடுனா என்ர கிணறு எறங்கும். தென்னை அத்தனையும் காஞ்சுது. நாங்கூட ஒருக்கா தப்பா நெனச்சுப்போட்டேன் சாமி. பாறையே அப்படித்தான் கெடக்குதுன்னா ஆர நோவுறது?" சபிதாவிடம் திரும்பினாள். "போதுங் கண்ணு. வெள்ளிக்கெழம பொக்லைன் வருது. என்ர கிணத்த மூடிப்போடறேன். வெறுங் குழிய வெச்சுட்டு என்ன பண்றது?"

சபிதா கோட்டின் நிறத்தை மாற்றினாள். 'இயற்கை வெடிப்பு' என்று தட்டச்சு செய்தாள்.

அவர் அந்த இரண்டு சொற்களையும் படித்தார். இனி எவரும் கேட்கமாட்டார்கள். பேரன் காலத்திலும் கேட்கமாட்டார்கள்.

கிணறு முழுக்கப் பச்சையாகிவிட்டது. கல்லில் இருந்த பெயர் உள்ளங்கையில் உறுத்தியது.

வேலாத்தாள் புடவையில் கையைத் துடைத்தாள்.

"அது எத்தன ஆயிரம் வருசத்து வெடிப்போ."

"இருபத்தொண்ணு," என்றார் அவர்.

சபிதாவின் விரல்கள் நின்றன.

"இருபத்தோராயிரமாங்க ஐயா?"

"வருசம். இருபத்தொரு வருசம்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தப் போகவில்லை.

வேலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பச்சை விரல்களைப் பார்த்தாள். அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்தது. அடுத்த கை. மறுபடியும் முதல் கை.

எங்கோ ஓரிடத்தில் விரல் நின்றது.

"உங்களுக்குக் காச்சல் வந்த தேராங்ண்ணா?"

அவருடைய முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. தலை மட்டும்தான் குனிந்தது.