ஏழு குவார்க் மேடு

“திரையைப் பார்த்துப் பார்த்தே கழுத்து இரும்பாட்டம் இறுகிப்போச்சு. ஆனா உங்க கலப்படத்தைப் பிடிச்சுட்டேன், அண்ணே!”

அவள் ஒரு தாளை அவர் மேசையில் அறைந்து வைத்தாள். வாயருகே போன காபியை அவர் அப்படியே கீழே இறக்கினார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு ‘கலப்படம்’ என்றுதான் பெயர். புரோட்டான்களை மோதவிட்டு, சிதறுவதை அலசி, உள்ளே குவார்க்குகள் என்னும் இன்னும் நுண்ணிய துகள்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. ஆட்கள் கண்ணைத் திறந்துதான் பார்க்கிறார்களா என்று சோதிக்க, வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பொய்த் துகளின் தடயத்தை அவர் தரவுகளுக்குள் ரகசியமாகக் கலந்துவிடுவார்.

இந்த முறை அதைப் பிடிப்பவருக்குத்தான் வேலை நீட்டிப்பு. அவளுடைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்காகவே ஆறு மாதமாகத் தரவுக் குப்பையைக் கிளறியிருந்தாள்.

“வரைபடத்துல திடீர்னு எழும்புற இந்த மேட்டைப் பாருங்க. ஏழு குவார்க் ஒண்ணா ஒட்டின துகளாம்! புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? புரோட்டான்ல மூணு பேருதான் குடியிருக்காங்க. நீங்க ஒரு பட்டாளத்தையே குடிவெச்சிருக்கீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை முகத்தருகே பிடித்தார்.

“கருவிக் கோளாறா இருக்குமோ?”

“ரெண்டு கருவியும் தனித்தனியா அதே இடத்தைத்தான் காட்டுது.”

“திரும்பப் பார்த்தியா?”

“ஒன்பது தடவை. மழுப்பாதீங்க, வசமா மாட்டிக்கிட்டீங்க.”

“குழுத் தலைவர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லாம இருப்பேனா? ‘நான்தான் கலந்தேன்னு அவர் கையெழுத்துப் போடட்டும், வேலை உனக்கு’ன்னுட்டார். இந்தாங்க பேனா.”

அவர் பேனாவை வாங்கவில்லை. நெற்றி வேர்த்திருந்தது.

“ஏண்ணே, நீங்க கலந்தது இது இல்லையா? அப்ப நான் வெள்ளிக்கிழமை மூட்டை கட்டணுமா?”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கலக்கவேண்டிய அன்னிக்கு வீட்டுல உங்க அண்ணிக்குப் பிரசவ வலி. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்புறம் மறந்தே போச்சு. இந்த மேட்டை யாரும் கலக்கலைம்மா. நான் கொடுக்கவேண்டிய பொய் இன்னும் பாக்கி.”