ஒரு வாய் சோறு

கரண்டியின் நுனியை மகளின் கீழுதட்டில் வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

உள்ளே தள்ளவில்லை. தள்ளக் கூடாது.

வாய் தானாகத் திறந்தது.

வேகவைத்த காரட். மிக்ஸியில் அடிக்காதது. கையால் மசித்து, ஒன்றிரண்டு துணுக்குகளை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தாள். ஆதிரை அதை நாக்கில் உருட்டினாள். முகத்தைச் சுளித்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டாள்.

பிறந்ததிலிருந்து இதுதான் முதல் முறை.

குறைமாதக் குழந்தை. மூக்கில் செருகிய குழாய் வழியே பால் குடித்துப் பிழைத்தது. கூழாக இருந்தால் இறங்கும். பருக்கை ஒன்று நாக்கில் பட்டால் போதும், குமட்டும், உடம்பே விறைக்கும். அவசரப்படாதீர்கள், உங்கள் கையை அவள் நம்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த ஒரு துணுக்குக்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் சுற்றிப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை.

கணவனின் அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசை நிறையக் கறிக்குழம்பு வாசனை. ராஜமாணிக்கம் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெயின்ட் கடை முதலாளி, வியாபாரிகள் சங்கத் துணைத்தலைவர். சாப்பிட்ட தட்டை ஒருநாளும் தானே எடுத்தவரில்லை. தன் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பிள்ளை வளர்ப்பதில் மட்டும் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"இன்னும் கூழுதானா?" என்றார். "எங்க வீட்டுப் பிள்ளைக ஏழு மாசத்துலயே கறிச்சோறு தின்னதுக. நீ அரைச்சு அரைச்சு ஊத்தித்தான் இதக் கெடுத்து வச்சிருக்க."

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அவள் கணவன் தயாளனும் சிரித்தான். சத்தம் வராமல், அண்ணன் கண்ணில் படும் அளவுக்கு மட்டும்.

பதில் சொன்னால் அதையும் ஒரு பேச்சாக மதித்ததாகிவிடும்.

தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனாள். டம்ளரை அலசி நிரப்பும் நேரம்தான்.

திரும்பி வந்தபோது ராஜமாணிக்கம் குழந்தையின் நாற்காலிமேல் குனிந்திருந்தார். விரல்களில் குழம்பு வடிந்தது.

"பாரு, எப்படி வாங்குதுன்னு."

ஆதிரை அழவில்லை. இருமவில்லை. வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. குழந்தையைப் பிடுங்கினாள். முன்கையில் குப்புறப் போட்டாள். தலையைத் தாழ்த்தி, முதுகில், தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அன்று தயாளன் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

சோறும் ஒரு கறித்துண்டும் தரையில் விழுந்தன.

அழுகை வந்தது.

அவள் குழந்தையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டாள்.

ராஜமாணிக்கம் சுவரோரம் போய் நின்றிருந்தார். எச்சில் கையை உயர்த்திப் பிடித்திருந்தார், வேட்டியில் படாமல்.

"அதான் வெளிய வந்துட்டுல்ல," என்றார். "பிள்ளைன்னா புரை ஏறத்தான் செய்யும். இதுக்குப் போயி..."

மறுபடி வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தரையைத் துடைத்தாள்.

அழுகை ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் பால் பாட்டிலை உதட்டருகே கொண்டுபோனாள். பால்தான். வெறும் பால்.

ஆதிரை உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

தயாளன் எழுந்து வந்து மனைவியின் தோளைத் தொட்டான்.

"விடு. அண்ணன் வேணும்னா செஞ்சாரு?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இனிமே பிள்ளை வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் மேசையில் கைகள் நின்றன. தயாளன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கு வந்தாள். செருப்புகள் குவியலாகக் கிடந்தன. அவளுடையது ராஜமாணிக்கத்தின் பெரிய தோல்செருப்புக்கு அடியில் இருந்தது. குனிய முடியவில்லை. அந்தச் செருப்பைக் காலால் ஒதுக்கினாள். அது படியில் உருண்டு தெருவில் போய்க் கவிழ்ந்தது.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஆட்டோவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம். தயாளன்தான். வேகமாக வந்தான். அவளைத் தாண்டிப் படியிறங்கினான்.

ஆட்டோவில் ஏறியவள், டிரைவரிடம் ஒரு நிமிடம் இருக்கச் சொன்னாள்.

தயாளன் தெருவில் குனிந்தான். அண்ணனின் செருப்பை எடுத்தான். மண்ணைத் தட்டினான்.

"போகலாம்ண்ணே," என்றாள் அவள், டிரைவரிடம்.