சாறு விடாத தகடு

கண்ணாடித் தகட்டில் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. குருநாதனுக்கு ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. குளியலறையில் அதற்கு இடமில்லை.

அட்டுவம்பட்டியில் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில், பகலிலும் இருட்டாக இருந்தது குளியலறை ஒன்றுதான். அதனால் ஒளிர்வு நுண்ணோக்கி அங்கேதான் குடியிருந்தது.

சோலைக்காட்டு வேர் ஒன்றின் சாற்றில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, செல்களின் மேல் விட்டு, கழுவிவிட வேண்டும். செல்லின் மேலுள்ள ஏற்பிகள் சாற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால், நீல ஒளியில் பச்சை தெரியும். பிடிக்காவிட்டால் இருட்டு.

ஒரு வருஷமாக இருட்டுதான்.

இன்றும் இருட்டென்றால் நுண்ணோக்கி மதுரைக்கு ஜீப் ஏறிவிடும். நேற்றே டிரங்க் கால் போட்டுச் சொல்லிவிட்டு, பேராசிரியர் சேனாதிபதி கம்பளித் தொப்பியோடு வந்திருந்தார். நுண்ணோக்கி போனால் குருநாதனுக்கு இங்கே வேலையில்லை. பழனியில் கோயில் வேலைக்கு மகன் வருவான் என்று அப்பா காத்திருந்தார். ஆராய்ச்சியில் சாமிக்கு என்ன வேலை என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு மலையேறியவன், எந்த முகத்தோடு இறங்குவான்?

சேனாதிபதி குனிந்து வெகு நேரம் பார்த்தார். கடைசியில் அவர் சொன்ன "ம்" குருநாதன் காதில் நாதஸ்வரமாக விழுந்தது.

"சாறு விடாத தகடு எங்க?"

வேர்ச்சாறே படாத செல்கள். அது இருட்டாக இருந்தால்தான் இந்தப் பச்சைக்கு மதிப்பு. குருநாதன் தெம்பாக எடுத்து வைத்தான்.

அதுவும் ஒளிர்ந்தது. முன்னதைவிட அழகாக.

செல்லே இல்லாத வெறும் தகட்டை வைத்தான். அதன் ஓரமும் பச்சையாக மின்னியது.

சேனாதிபதி நிமிர்ந்தார். குருநாதனின் கை இன்னும் நீல ஒளியில்தான் இருந்தது. கட்டைவிரல் பச்சையாக ஒளிர்ந்தது. மற்ற விரல்களையும் அவரே வெளிச்சத்துக்குள் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் பாக்கியில்லை.

அப்புறம் மூலையைப் பார்த்தார். விளக்கின் சிதறல் பட்ட இடத்தில், காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால், கைப்பிடி அளவில் ஒருவர் பச்சையாக ஒளிர்ந்தபடி உட்கார்ந்திருந்தார். தலையில் அருகம்புல்.

வெள்ளனே எழுந்து மஞ்சளில் பிடித்த பிள்ளையார். நீல ஒளி பட்டால் மஞ்சளும் பச்சையாகத்தான் ஒளிரும். பிடித்த கையைக் கழுவக் குழாயைத் திறந்தால், கொடைக்கானல் தண்ணீர் விரலை வெட்டியது. ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டது குருநாதனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பச்சை தெரிய வேண்டும் என்றுதான் வேண்டியிருந்தான். எதன் பச்சை என்று சொல்ல விட்டுப்போனது. வெட்கத்தில் காது சுட்டது.

"சாமான் இங்கயே கெடக்கட்டும் தம்பி, அடுத்த வாரம் வாரேன். அன்னைக்கும் கும்பிடுங்க, கும்பிட்டுட்டு சோப்பு போட்டுக் கைய கழுவுங்க" என்றார் சேனாதிபதி.

குருநாதன் விளக்கை அணைத்தான். தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தான். இருட்டில், யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவனுடைய இரண்டு கையிலும் தகடுகள் இருந்தன.