மூலையில் ஒரு புள்ளி

ஞானசுந்தரம் வீட்டுக் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பென்சில் சித்திரம் தொங்கியது. மேய்கிற இரண்டு மாடு, ஒரு வரப்பு, ஒரு பனைமரம், மிச்சமெல்லாம் வெறும் வானம். அதன் பின்னால் குடியிருந்த பல்லிக்கு அது நிழலுக்கு ஆன ஒரு பலகை, அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த வானத்து மூலையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து, கலை தெரிந்த விருந்தாளி ஒருவரும் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உருகினார்.

"அடடா! வரப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு நேரா அந்த ஒத்தைப் பறவைகிட்ட போய் நிக்குது பாருங்க! அந்தப் புள்ளி மட்டும் இல்லேன்னா படமே சரிஞ்சிடும்."

ஞானசுந்தரம் பலமாகத் தலையாட்டினார். ஈக்குத் தலைகால் புரியவில்லை.

இருவரும் காப்பி குடிக்க உள்ளே போனதும் பல்லி மெல்ல வெளியே வந்தது. பாவம், அதற்கும் மனசாட்சி உண்டு.

"ஓடிப் போயிடு. நான் காலையிலேர்ந்து பட்டினி."

"நான் அசைஞ்சா படம் சரிஞ்சிடும்," என்றது ஈ, இறக்கையைக்கூட அசைக்காமல். "உனக்குக் கலை தெரியுமா?"

"தெரியாது," என்று ஒப்புக்கொண்டு பல்லி நாக்கை நீட்டியது.

விருந்தாளி வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து மறுபடி உருகினார்.

"என்ன துணிச்சல்! இந்த மூலையை அப்படியே வெறுமையா விட்டிருக்கான் பாருங்க. இங்கே ஒரு புள்ளி வச்சிருந்தாப் போதும், படமே குட்டிச்சுவர்!"

சட்டத்துக்குப் பின்னால் வயிறு நிறைந்த பல்லி, "ச்சு, ச்சு" என்றது.

"பாருங்க, பல்லியே சொல்லிட்டுது!" என்று ஞானசுந்தரம் பக்தியோடு சுவரை விரலால் தட்டினார்.