தலைமேல் மழை உள்ள பேர்

"மூவாயிரத்து இருநூறு ஒலிப்பதிவு. கோப்புல இருக்கிற எல்லாப் பேரையும் எடுத்துட்டு எண் போட்டுடு. நாளைக்கு மாநகராட்சியிலிருந்து பார்க்க வர்றாங்க," என்றார் சியு மேடம்.

தைவானில் கீலுங் துறைமுகத்து நூலகம்; ஊரின் பழைய குரல்களையும் ஒலிகளையும் பதிந்து வைத்திருக்கும் இடம். வெளியே வழக்கம்போல மழை.

"மேடம், ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுடலாமா?" உதவியாளன் போ-ஷுன் தயங்கினான். "லோ ஐயா தினமும் கேட்கிற பதிவு."

நூலகத்துக்கு வரும் முதியவர் லோ ஐயாவுக்குப் படிக்கத் தெரியாது. தவறிப்போன மனைவி யுன்-சியாவின் பேர் மட்டும் அடையாளம் தெரியும். சீனத்தில் எழுதும்போது அந்தப் பேரின் ரெண்டு எழுத்துக்கும் தலைமேல் மழையைக் குறிக்கும் கோடுகள் இருக்கும். கணினியில் அந்த மழையைத் தேடிப்பிடித்து அமுக்குவார். கண்ணை மூடிக்கொள்வார். எங்கோ கப்பல் ஊதும். மூடுபனிக்குள்ளிருந்து அவள் மீன் உருண்டை கூவி விற்றுக்கொண்டே வருவாள். தினமும் காலை பத்து மணிக்கு.

"எண்ணைச் சீட்டுல எழுதிக் கொடு."

"தொலைச்சிடுவார் மேடம். யார்கிட்டயும் கேட்கவும் மாட்டார், ரோஷக்காரர்."

"ஊருக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா? ஒரு பேர்கூட மிஞ்சக் கூடாது. காலையில வந்து செய். அதுக்கு முன்னாடி இன்னைக்குச் சாயங்காலம் பட்டியலை நான் ஒரு தரம் பார்க்கணும்."

கல்நெஞ்சு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. நிற்கிற வரிசைப்படியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடச் சொல்லி. முதலில் ஒத்திகை பார்த்தான். பழைய பேரும் புது எண்ணுமாய் வரிகள் சரசரவென்று மேலே ஓடி மறைந்தன. திரையில் தங்கியது கடைசி முப்பது வரிதான். அதில் பிழை இல்லை. என்டரைத் தட்டினான். கண் இமைப்பதற்குள் ஒரு பேரும் இல்லை.

பத்து மணி. லோ ஐயா குடையை உதறிவிட்டு உள்ளே வந்தார். போ-ஷுன் குனிந்த தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுந்து அவரிடம் போனான்.

"ஐயா, பேரெல்லாம் போயிடுச்சு. நான் தேடித் தர்றேன்."

மூடியிருந்த கண்ணைத் திறந்தார் அவர். ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினார். உள்ளே கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

"எதுக்குத் தம்பி தேடணும்? நேத்து இருட்டுற நேரத்துல உங்க மேடம் நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துச்சு. 'உங்க வீட்டம்மா பேருக்கு முன்னாடி ஒரு பூஜ்யம் போட்டு, வரிசையில முதல் ஆளா நிறுத்திட்டேன். இனிமே மேல இருக்கிற முதல் வரியை அமுக்குங்க'ன்னுச்சு. உன்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னுச்சு."