ஆர்.ஜே. ஹரி

ஸ்ரீரங்கம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில், ஆதார் அட்டையைக் கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்துகிறாள் சௌமியா. "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல போட்டுடுங்க" என்கிறான் ஹரிஹரசுதன். அவள் கை அப்படியே நிற்கிறது. மூடியின் இடுக்கில் கசிந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஊர்ந்து போகிறது. "சார், நீங்க எஃப்.எம்.ல பேசுன ஆர்.ஜே. ஹரிதானே? துவாக்குடி கம்பெனியில வேலை கெடச்சிருக்குன்னு எனக்கு போன் பண்ணீங்க. நான் சந்தோஷத்துல அழுதுட்டேன். அப்புறம் சும்மா வெளையாட்டுக்குன்னு சிரிச்சீங்க." அவனுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அந்த அழுகையை ஒரு வாரம் காலையும் மாலையும் நிகழ்ச்சி விளம்பரமாக ஒலிபரப்பினார்கள். ஊரே சிரித்தது. ஸ்டுடியோவில் கேக் வெட்டினார்கள். நிலையத்தை மூடியே ஆறு வருடமாகிறது. "நான் இல்லீங்க" என்கிறான், குரலைத் தாழ்த்தி. வெளியே சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. அவள் அட்டையைத் திருப்பி வைத்து மறுபக்கத்தையும் எடுத்துவிட்டு, சூடான தாளைப் பார்க்கிறாள். அவன் முகமும் அதன் பக்கத்தில் ஹரிஹரசுதன் என்ற பெயரும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. பெயரை வாசித்துவிட்டு, அது உள்ளே போகும்படி தாளை மடித்து, அட்டையோடு நீட்டுகிறாள். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."